யாரும் துண்டு வீசவில்லை

கண்மாய் வற்றத் தொடங்கும் மாசி, பங்குனியில் மேலூர் வட்டாரத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். முதல் நாள் சாயங்காலமே தகவல் பரவிவிடும். விடியுமுன் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து கரையில் உட்கார்ந்திருப்பார்கள். கையில் ஊத்தா, கச்சா, கொசுவலை. அதுவும் இல்லாதவரிடம் ஒரு பழைய கூடை. தண்ணீர் முட்டளவுதான் கிடக்கும். மீன் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் ஒருவரும் காலை நனைப்பதில்லை. ஊர்ப்பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வந்து கரைமேட்டில் நின்று வெள்ளைத் துண்டை வீசவேண்டும். துண்டு மேலே போனதும் அத்தனை பேரும் தண்ணீருக்குள் இருப்பார்கள். கிடைத்த கெண்டையும் விராலும் அன்றைக்கு வீட்டுக் குழம்புக்கு.

ஒரு காரியத்தில் இறங்குவதற்கு இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு முறை உண்டு. சொல்வதற்கு ஒருவர் இருப்பார். அவர் சொல்லும்வரை மற்றவர்கள் பொறுத்திருப்பார்கள். 2024 நவம்பரில் அந்த முறை மாறியதை ஓரமாக நின்று பார்த்தேன். யாரும் துண்டு வீசவில்லை. கரை மட்டும் காலியாகிவிட்டது.

மேலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. பெஞ்சில் நான்கு பேர். ஓர் இளைஞன் போனில் ஒரு வரைபடத்தை இரண்டு விரலால் விரித்துக்கொண்டிருந்தான். ஒன்றிய சுரங்க அமைச்சகம் நவம்பர் 7ஆம் தேதி வெளியிட்ட ஏல முடிவு அதற்குள் எல்லார் போனுக்கும் வந்திருந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் எடுத்திருந்தது. அரிட்டாபட்டி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டி, அ.வல்லாளப்பட்டி என்று கோட்டுக்குள் ஊர் ஊராக வந்தது.

"எம்புட்டு எடம்டா?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த பெரியவர்.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு ஹெக்டேரு, பெரியப்பா."

"ஏக்கர்ல சொல்லு."

இளைஞன் கணக்குப் போட்டான். "அஞ்சாயிரம் ஏக்கர் கிட்ட வருது."

பெரியவர் கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை வாங்கினார். படத்தைப் பெரிதாக்கத் தெரியவில்லை. பையனின் விரலைப் பிடித்து நகர்த்தச் சொன்னார். மலை வந்தது. கண்மாய் வந்தது. கண்மாயின் மடை இருக்கும் இடத்தைத் தொட்டு, "இதுக்குக் கீழதான் நம்ம வயக்காடு" என்றார். டீயில் ஆடை படிந்துவிட்டது. அதை அவர் குடிக்கவில்லை.

"டங்ஸ்டன்னா என்னப்பா?"

"குண்டு பல்புக்குள்ள ஒரு கம்பி இருக்குமே, அது. எம்புட்டுச் சூட்டுக்கும் உருகாதாம்."

கிட்டத்தட்ட உண்மைதான். 3,422 டிகிரி செல்சியஸில்தான் அது உருகும். துளைபோடும் கருவிகளின் முனைக்கும் ராணுவத் தளவாடங்களுக்கும் தேவைப்படும் உலோகம். 2023இல் சுரங்கம், கனிமங்கள் சட்டத்தைத் திருத்தியபோது நாடாளுமன்றம் 24 கனிமங்களைத் தனியாகப் பிரித்து, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடம் கொடுத்தது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த ஏலம் டெல்லியில் நடந்தது. மேலூரில் உள்ளவர்கள் முடிவைத்தான் பார்த்தார்கள்.

பெரியவர் எழுந்து டீக்குக் காசு கொடுத்தார். "அந்தப் படத்தத் தாள்ல எடுக்க முடியுமா?" பையனைக் கூட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். வரைபடம் ஒரு கட்டாக வந்தது. எண்ணிப் பார்க்காமல் மடித்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அவர் ஊரை நடத்தும் அம்பலம் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை, சங்கத்தில் பொறுப்பில் இருப்பவரும் இல்லை. உழுது பிழைப்பவர். ஊர் கூடும் இடமான மந்தை ஒவ்வொன்றிலும் ஒரு தாள் கொடுக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பின்னால் அந்த வாரத்தில் பல மந்தைகளில் அதே மாதிரித் தாள்களைப் பார்த்தேன். சாவடித் தூணில் ஒட்டியிருந்தது, கோயில் உண்டியலுக்கு மேலே செருகியிருந்தது, ஓரிடத்தில் ஊர்ப்பெயர்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். எது யார் கொண்டுவந்தது என்று கேட்டால் பதில் இல்லை. அவரைப்போல எத்தனை பேர் கிளம்பினார்களோ.

அரிட்டாபட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏழு மலைகள் சூழ்ந்த ஊர். மலையிலிருந்து சுனைநீர் இறங்கிக் கண்மாய்களை நிரப்பும். பாறையைக் குடைந்த சிவன் கோயில் இருக்கிறது. அதில் இலகுலீசர் சிற்பம். சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளமும் தமிழி எழுத்தும் இருக்கின்றன. ராஜாளி வகைப் பறவைகள் பாறை இடுக்கில் கூடு கட்டுகின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு இதையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மீனாட்சிபுரத்து மலையில் உள்ள மாங்குளம் கல்வெட்டுகள் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்கின்றன. அங்கே வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழு ஒன்று சேர்ந்து கொடுத்த கொடையும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வெள்ளறை, மதுரை சாலையில் உள்ள இன்றைய வெள்ளரிப்பட்டியாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஓர் ஊரின் வணிகர்கள் கூடிப் பேசி, முடிவெடுத்து, தங்கள் பெயரைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அரசன் பெயருக்குக் கிடைத்த அதே பாறையில் அவர்களுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு அது பெரிய செய்தியாகப் படுகிறது.

நவம்பர் 23, சனிக்கிழமை. நவம்பர் முதல் தேதி நடந்திருக்கவேண்டிய கிராமசபை தள்ளிப்போய் அன்றைக்கு நடந்தது. பந்தல், வாடகை நாற்காலி, ஒரு மேஜை, மேஜைமேல் தீர்மானப் புத்தகம். வழக்கமான கிராமசபையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நூறு நாள் வேலைக்காரப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள், வருகைக்குக் கையெழுத்து வாங்குவார்கள், தீர்மானங்களை முணுமுணுப்பாக வாசிப்பார்கள், வடையும் டீயும் வரும், கூட்டம் கலையும். அன்றைக்கு நாற்காலி போதவில்லை. ஆண்கள் வேலியோரம் நின்றார்கள். பெண்கள் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சுரங்கம் பற்றிய தீர்மானத்தை எழுதியவர் எழுத எழுத ஒரு பெண் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது வயது இருக்கும். இடுப்பில் பேரனோ மகனோ ஒரு குழந்தை.

"என்னன்னு எழுதியிருக்கீக? வாசிங்க."

வாசித்தார்.

"'பரிசீலிக்க வேண்டும்'னு ஏன் போட்டீக? வேணாம்னு போடுங்க."

எழுதியவர் தலைநிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் சொன்னார்: "அக்கா சொல்றதுதான் சரி. வேணாம்னே போடுங்க." அடித்துத் திருத்தினார்கள். திருத்திய இடத்தில் கையொப்பம் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் குழந்தையை மாற்று இடுப்புக்குத் தூக்கிவைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ஊதா மையில் பெருவிரலை அழுத்திவிட்டுச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்கள். பல ஊராட்சிகளில் அன்றைக்கு இதே தீர்மானம் நிறைவேறியது. அ.வல்லாளப்பட்டி பேரூராட்சி என்பதால் அங்கே கிராமசபை கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் அதற்காக வீட்டில் இருந்துவிடவில்லை. தாங்களாகவே கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் சுரங்க உரிமையை ரத்துசெய்யக் கோரித் தீர்மானம் போட்டது. எந்த அரசு எப்போது எதை எழுதியது, எதை எழுதாமல் விட்டது என்று கட்சிகளுக்குள் வாதம் நடந்தது. அது செய்தித்தாளில் நிறையவே வந்துவிட்டது.

டிசம்பர் 24ஆம் தேதி வந்த செய்திதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மையம். பல்லுயிர்த் தலமாக அறிவித்த பகுதியை விட்டுவிட்டு எல்லையை மறுபடி வரையமுடியுமா என்று பார்க்கும்படி இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திடம் சுரங்க அமைச்சகம் கேட்டுக்கொண்டது. 2,015 ஹெக்டேரில் 193. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அரிட்டாபட்டி மலை தப்பிக்கும். மற்ற ஊர்கள் கோட்டுக்குள்ளேயே கிடக்கும்.

செய்தியை ஒருவர் போனிலிருந்து சத்தமாக வாசித்தார். அரிட்டாபட்டி மந்தையில் ஆலமரத்தடி. கேட்டவர்களில் சிலர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். மனிதர்கள்தானே. தன் வீடு, தன் மலை, தன் கண்மாய் தப்பித்தால் மூச்சு வரும். அந்த நொடியில் ஊர் ஓய்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஒரு கிழவி பேசினார். வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல்.

"நம்மள மட்டும் விட்ருவாய்ங்களாம். எம் மகள வல்லாளப்பட்டியிலதான கட்டிக் குடுத்திருக்கேன். அவ எங்கிட்டுப் போவா?"

அவ்வளவுதான். யாரும் கை தட்டவில்லை, பதிலும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஆள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நரசிங்கம்பட்டிப் பக்கம் போனார். முழுத் திட்டத்தையும் கைவிடவேண்டும் என்பதில் எந்த ஊரும் பின்வாங்கவில்லை.

2025 ஜனவரி 7. பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. மேலூர்ப் பக்கத்துச் செங்கரும்பை வெட்டிக் கட்டுகட்டும் நேரம். பெரியாறு பிரதானக் கால்வாயில் ஒருபோகமாக விளையும் 85,563 ஏக்கரில் நெல் கதிர் தள்ளி நிற்கும் நேரம். ஒரு நாள் கூலி என்பது இந்த மாதத்தில் பெரிய காசு. அதை விட்டுவிட்டு நரசிங்கம்பட்டியில் கூடினார்கள். மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம்வரை நடப்பதாகத் திட்டம். பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். ஒருபோக பாசன விவசாயிகள் சங்கத்தார் அழைத்திருந்தார்கள், அம்பலகாரர்கள் சொல்லியிருந்தார்கள், வணிகர்கள் மேலூரில் கடையை அடைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்பது ஊர்க்கட்டு. ஆனால் வீட்டுக்கு மூன்று பேரும் நான்கு பேருமாக வந்திருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த ஊராட்சிகளின் தலைவர்களுக்கு ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்திருந்தது. அடுத்த தேர்தல் வரவில்லை. ஆக, இரண்டு நாள் கழித்துச் சாலையில் நின்ற அந்த ஊராட்சிக்காரர்களுக்குத் தேர்ந்தெடுத்த தலைவர் என்று யாரும் இல்லை.

போலீஸ் தடுப்புக்கு முன்னால் முதல் வரிசையில் பெண்கள். அவர்களில் ஒருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது தாண்டியவள். சேலையை முழங்காலுக்குக் கீழே வரும்படி ஏற்றிச் செருகியிருந்தாள். தலையில் துண்டு. கையில் ஒயர்கூடை. கூடையில் ஒரு தண்ணீர் பாட்டில், தூக்குச்சட்டி, சர்க்கரை மாத்திரை அட்டை, ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவள் கோஷம் போடவில்லை. ஆள் எண்ணிக்கொண்டிருந்தாள். தன் தெருக்காரர்களை.

"சின்னப்பொண்ணு வந்துட்டாளா?"

"அங்கிட்டு நிக்கிறா சித்தி."

"அவ மாமியா?"

"வரல. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு இருந்துருச்சு."

"சரி. அவளும் வந்த கணக்குத்தான்."

அந்தப் பெண் யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் இருந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவளையும் சேர்த்து எண்ணிய அந்தக் கணக்கு மட்டும் போதுமானதாக இருந்தது.

கொஞ்சம் தள்ளி, லாரியின் பின்பலகையில் சார்ட் அட்டையை வைத்து ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். தமிழில் ஓர் அட்டை முடிந்துவிட்டது. அடுத்ததில் ஆங்கிலம். "டெல்லில வாசிக்கணும்ல" என்றாள் கூட இருந்தவளிடம். சேவ் அரிட்டாபட்டி என்று பெரிய எழுத்தில் எழுதி, ஸ்கெட்ச் பேனா தீர்ந்துபோய், கடைசி இரண்டு எழுத்தை நீலத்துக்குப் பதில் பச்சையில் முடித்தாள். அவளுடைய அப்பாவோ மாமாவோ வந்து அட்டையை வாங்கி ஒரு கரும்புத் துண்டில் கட்டினார். கட்டியவர் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர் என்பது அட்டையைத் தலைகீழாகப் பிடித்ததில் தெரிந்தது. அவள் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைத் தல்லாகுளம்வரை தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தார்.

தடுப்பு விலகியது. யார் முதல் அடி எடுத்துவைத்தார்கள் என்று சொல்ல முடியாது. முன்வரிசை நகர்ந்தபோது நடுவரிசையும் நகர்ந்திருந்தது. நான்குவழிச் சாலையில் டிராக்டர்கள், ஆட்டோக்கள், மொபெட்கள், அவற்றுக்கிடையே நடப்பவர்கள். சுங்கச்சாவடியைக் கடந்தார்கள். வெள்ளரிப்பட்டி வந்தது, ஒத்தக்கடை வந்தது. கடைக்காரர்கள் தண்ணீர்க் குடத்தை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் சொல்லாமல் குடம் நிரம்பிக்கொண்டே இருந்தது. ஒரு பெரியவரின் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஒரு பெண் தன் மாங்கல்யக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் நடுரோட்டில் குனிந்து உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்தபோது கூட்டம் அவரைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தது. தூக்கிவிட ஒரு காவலர் கை நீட்டினார். பெரியவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே எழுந்தார்.

பின்னால் அனுமதியின்றிக் கூடியதாக வழக்குகள் போட்டார்கள். அரசு அவற்றைத் திரும்பப் பெற்றபோது வந்த எண்ணிக்கை 11,608 பேர்.

இந்த வட்டாரத்துக்கு மலையை இழந்த அனுபவம் உண்டு. கீழவளவு, கீழையூர் பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம்: வெட்டிய பாறையின் செங்குத்துச் சுவர்கள், நடுவே பச்சைநிறத் தண்ணீர். 2012இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ.சகாயம் கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு ரூ.16,000 கோடிக்கு மேல் இழப்பு இருக்கும் என்று எழுதினார். அந்த மே மாதமே இடமாற்றம் வந்தது. உயர் நீதிமன்றம் 2014இல் அவரையே விசாரணைக்குச் சட்ட ஆணையராக நியமித்தது. 2015 செப்டம்பரில், குவாரித் தொழிலாளர்கள் நரபலி கொடுக்கப்பட்டதாகப் புகார் வந்த சின்னமலம்பட்டி இடத்தில் தோண்டும் பணி தள்ளிப்போனபோது, தடயம் கலையக்கூடாது என்று அவர் அந்தச் சுடுகாட்டுப் பக்கமே இரவு தங்கிவிட்டார். ஓர் அதிகாரி செய்ய முடிந்ததை அவர் செய்தார். ஆனால் அதற்குள் பல மலைகள் போய்விட்டிருந்தன. 2024இல் மக்கள் வேகமாகக் கிளம்பியதற்கு அந்தக் குழிகள்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு குழியின் விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

முன்னால் வந்து நிற்பதற்கு இந்த மண்ணில் எல்லாருக்கும் ஒரே விலை இருந்ததில்லை. அதைச் சொல்லாமல் மேலூரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. மேலவளவு ஊராட்சி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்பாளர்கள் மிரட்டப்பட்டார்கள், தேர்தல் நின்றது, மறுபடி நடந்தது. முருகேசன் நின்று, வென்று, தலைவரானார். 1997 ஜூன் 30ஆம் தேதி மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுப் பேருந்தில் திரும்பியவரை ஊர் எல்லையில் வண்டியை மறித்து ஆதிக்க சாதியினர் வெட்டிக் கொன்றார்கள். உடன் வந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய நினைவிடத்தை அங்கே விடுதலைக் களம் என்கிறார்கள். ஒவ்வொரு ஜூன் 30க்கும் அங்கே கூட்டம் வருகிறது.

முருகேசன் செய்ததும் மனு கொடுத்ததுதான். தன் ஊராட்சிக்குச் சட்டம் தந்த நாற்காலியில் உட்கார்ந்ததுதான். அன்றைக்கு ஊர் அவருக்குப் பின்னால் நிற்கவில்லை. ஜனவரி 7 ஊர்வலத்தில் எல்லாச் சமூகத்தாரும் வந்தார்கள். ஒரே குடத்தில் தண்ணீர் குடித்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தேன், மகிழ்ந்தேன். மலையைக் காக்க ஒன்றாக இறங்கத் தெரிந்தவர்கள், பக்கத்துத் தெருக்காரன் தலைவர் நாற்காலியில் உட்காரும்போதும் அதே மாதிரி துணைக்கு நிற்கவேண்டும். அது நடக்கும்வரை இந்த வெற்றி பாதிதான்.

ஜனவரி 22ஆம் தேதி அம்பலகாரர்கள் டெல்லிக்குப் போய்ச் சுரங்க அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். மறுநாள் 23ஆம் தேதி ஏலத்தை ரத்துசெய்ததாக அமைச்சகம் அறிவித்தது. மேலூரில் வெடி வெடித்தார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். 26ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அரிட்டாபட்டிக்கும் வல்லாளப்பட்டிக்கும் வந்தார். மேடை, மாலை, பொன்னாடை. எங்களால்தான் நடந்தது என்று ஒவ்வொரு கட்சியும் சுவரொட்டி ஒட்டியது. ஜெராக்ஸ் எடுத்த பெரியவரை மேடையில் தேடினேன். இல்லை. மேடைக்குப் பின்னால் சாமியானாக் கயிற்றை முளைக்குச்சியில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவராக நின்றிருந்தார்.

கதை அத்தோடு முடியவில்லை. 2025 செப்டம்பர் 8ஆம் தேதி ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்டச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது மக்கள் கருத்துக்கேட்பு நடத்தத் தேவையில்லை என்பது அதன் சாரம். தமிழ்நாடு அரசு எதிர்ப்புத் தெரிவித்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதியது. ஏலம் டெல்லியில் நடந்தாலும், கருத்துக்கேட்புக் கூட்டம் என்று ஒன்று ஊருக்கு வரும், அங்கே மைக்கைப் பிடித்து வேண்டாம் என்று சொல்லலாம் என்றிருந்தது. அந்தக் குறிப்பாணைப்படி இந்தக் கனிமங்களுக்கு அந்த மைக் இனி வராது. மேலூருக்கு வந்தது நாளைக்குத் தஞ்சைக்கு வரலாம், குமரிக்கு வரலாம், நீங்கள் இருக்கும் ஊருக்கும் வரலாம். செய்தி போனில்தான் வரும்.

கிராமசபையை யாரும் இன்னும் எடுத்துவிடவில்லை. ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் போகலாம், பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம். உங்கள் ஊரில் அடுத்தது எப்போது என்று பாருங்கள். போய் முன்வரிசையில் உட்காருங்கள். தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தவறாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.